நெட்வொர்க் வேலை: சான்றிதழ் யார் கையில் கனக்கிறது?

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் கணினிகள் மந்தமாகத் தொடங்கின. முதலில் மின்னஞ்சல் தாமதமானது. பிறகு நோயாளிகளின் பதிவுகள் திறக்கவில்லை. அமெரிக்காவிலேயே கணினிமயத்தில் முன்னணியில் இருந்த மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அடுத்த சில நாட்கள் அது காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ஓடினார்கள். நெட்வொர்க் முழுதாக மீண்டு வர ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆயின.

காரணம் ஒரு வட்டம். சுவிட்சுகளை இணைக்கும்போது ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று மாற்று வழியும் போட்டு வைப்பார்கள். அப்படிப் போடும்போது வழிகள் வட்டமாக இணைந்துவிட்டால், ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி நெட்வொர்க்கை மூழ்கடித்துவிடும். இதைத் தடுக்க டெக் நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் 1985ல் வகுத்த முறைதான் ஸ்பானிங் ட்ரீ. உபரி வழிகளை அது அடைத்து வைக்கும்; தேவைப்படும்போது மட்டும் திறக்கும். அதன் இயல்பான நேரக் கணக்குகள் ஒரு வரம்புக்கு உட்பட்டவை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதிகபட்சம் ஏழு சுவிட்சுகள் என்று வைத்துக் கணக்கிடப்பட்டவை அவை. அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் அமைப்பு மையத்திலிருந்து பத்துத் தாவல் தள்ளி இருந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் பயன்படுத்திய மென்பொருள் பெருமளவு தரவை நெட்வொர்க்கில் கொட்டியதும் சுவிட்சுகள் திணறின, ஸ்பானிங் ட்ரீ குழம்பியது, வட்டம் உருவானது. நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் தன் நிபுணர்களையும் புதிய கருவிகளையும் அனுப்பி நெட்வொர்க்கின் மையத்தையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

அந்த 'ஏழு' பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நெட்வொர்க் பாடத்தைப் பொறுமையாகப் படித்த மாணவர் அதைச் சொல்லிவிடுவார். மருத்துவமனை நெட்வொர்க்கைக் கட்டியவர்களும் திறமை இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் கட்டிய காலத்தில் அந்த வடிவமைப்பு சரியாகவே இருந்தது. அதன் மேல் துண்டு துண்டாகப் புதியவை சேர்ந்துகொண்டே போயின; கட்டியவர்களின் அறிவோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அப்போது மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை ஒளிக்காமல் வெளியே சொன்னார். நெட்வொர்க் பற்றிய அறிவு முழுவதும் ஒரே ஆளிடம் தங்கிவிடக் கூடாது என்பது அவர் பகிர்ந்துகொண்ட பாடங்களில் ஒன்று.

சான்றிதழா, அனுபவமா என்று கேட்கப்படும்போதெல்லாம் 'அனுபவம்தான்' என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி என்பதற்கு பாஸ்டன் சாட்சி. அனுபவத்துக்கும் காலாவதி உண்டு.

சான்றிதழின் கதை வேறு திசையில் போகிறது. சிஸ்கோ நிறுவனம் 1993ல் சி.சி.ஐ.இ. என்ற தேர்வைத் தொடங்கியது. இன்றும் நெட்வொர்க் துறையில் மிக உயர்ந்த சான்றிதழ்களில் ஒன்று அது. தேறியவர்களுக்குத் தரும் எண்கள் 1024ல் தொடங்கின. முதல் எண்ணைத் தேர்வு நடந்த ஆய்வுக்கூடத்துக்கே கொடுத்தார்கள். 1025 தேர்வை வடிவமைத்த ஸ்டூவர்ட் பிக்ஸுக்குப் போனது. 1026ஐப் பெற்றவர் டெரி ஸ்லாட்டரி. சிஸ்கோவுக்கு வெளியே இருந்து வந்து தேறிய முதல் ஆள். சிஸ்கோ ரவுட்டர்களில் பொறியாளர்கள் இன்று தட்டச்சு செய்யும் கமாண்ட் முறையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அதாவது, அந்தச் சான்றிதழைப் பெறும் முன்பே அவர் அந்தத் துறையில் ஊறியவர். தேர்வு அவருக்கு எதையும் புதிதாகக் கற்றுத்தரவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்ததற்கு முத்திரை குத்தியது.

தேர்வும் அதற்கேற்றபடி இருந்தது. இரண்டு நாள் செய்முறை. கொடுத்த கருவிகளை வைத்து ஒரு நெட்வொர்க்கைக் கட்ட வேண்டும். அதன் பிறகு தேர்வாளர் வந்து, தேர்வு எழுதுபவர் வெளியே நிற்கும்போது, அங்கங்கே கெடுத்து வைப்பார். திரும்பி வந்து கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நெட்வொர்க் பொறியாளரின் வேலையே அதுதான்.

பிறகு வந்தது 1998. அந்த ஆண்டு சிஸ்கோ சி.சி.என்.ஏ. என்ற தொடக்கநிலைத் தேர்வைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி கல்லூரிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய நல்ல காரியத்தைச் செய்தன: பெரிய கல்லூரியில் படிக்காதவர்களுக்கும் இந்தத் துறையின் கதவைத் திறந்துவிட்டன. கூடவே வரிசையும் தலைகீழானது. முன்பு அனுபவம் வந்தது, அதன் பின் சான்றிதழ் வந்தது. இப்போது சான்றிதழ் முதலில். அதைக் காட்டி வேலை. அதன் பின் அனுபவம். இன்றைய குழப்பங்களில் பாதி இந்தத் திருப்பத்தில் இருந்து பிறந்தவை.

இது சிஸ்கோவில் மட்டும் நடந்ததும் இல்லை. நெட்வேர் மென்பொருள் கொடிகட்டிப் பறந்த நாட்களில் நோவெல் நிறுவனத்தின் சி.என்.இ. சான்றிதழுக்கும், 90களின் கடைசியில் மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ.க்கும் இதே கதிதான். புத்தகத்தை மனப்பாடம் செய்து தேறி, ஒரு சர்வரைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் வேலைக்கு வந்தவர்களை அமெரிக்க நிறுவனங்கள் 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்று அழைக்க ஆரம்பித்தன. உண்மையாகப் படித்துத் தேறியவர்களையும் அந்தப் பெயர் சேர்த்தே அடித்தது. இன்று அதே வேலையை 'டம்ப்' செய்கிறது. தேர்வில் வந்த கேள்விகளை யாரோ வெளியே கொண்டுவந்து பதிலோடு விற்கும் தொகுப்பு அது. 'டம்ப் படித்தால் போதும், பாஸ்' என்று பயிற்சி மையத்திலேயே சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கு அவர்கள் செய்வது துரோகம். சி.சி.என்.ஏ. தேர்வின் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் 25,000 ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு மாணவர் கையில் வருவது, நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியில் உதிர்ந்துவிடும் ஒரு தாள்.

தேர்வை நடத்துபவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. சி.சி.ஐ.இ. தேர்வின் வரலாற்றைப் பார்த்தால், அனுபவத்தை எப்படியாவது அளந்துவிட வேண்டும் என்று அது பட்டபாடு தெரியும். 2001ல் இரண்டு நாள் தேர்வு எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. கோளாறு கண்டுபிடிக்கும் தனிப் பகுதி போனது. 2009ல் அதை இரண்டு மணி நேரப் பகுதியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு, மனப்பாடம் செய்தவர்களை வடிகட்ட, சொந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டிய கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் வந்த புதிய வடிவத்தில் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கு, அடுத்த ஐந்து மணி நேரம் கட்டவும் இயக்கவும் மேம்படுத்தவும். கட்டணம் 1,600 டாலர் அளவில், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கும் மேல். தோற்றால் மறுபடி அதே தொகை.

இவ்வளவு குறைகள் இருந்தும் நிறுவனங்கள் ஏன் சான்றிதழைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன? படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. கருவிகளை விற்கும் நிறுவனங்கள் தங்கள் விற்பனைக் கூட்டாளிகளைத் தரம் பிரிக்கின்றன. மேல்தரம் கிடைத்தால் தள்ளுபடி அதிகம். சிஸ்கோவின் 'கோல்டு' தரம் பெற ஒரு நிறுவனத்தில் நான்கு சி.சி.ஐ.இ.க்கள் இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அரசு டெண்டர்களிலும் சான்றிதழ் பெற்ற பொறியாளர் இத்தனை பேர் என்று கேட்பது வழக்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005ல் வெளியிட்ட 8570 கையேடு, தகவல் பாதுகாப்பு வேலைகளில் இருப்பவர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமே ஆக்கியது. ஆக, சான்றிதழுக்கு நிறுவனம் தரும் விலையில் ஒரு பகுதி அந்த ஆளின் அறிவுக்கானது. இன்னொரு பகுதி அந்தத் தாளுக்கே உரியது. சம்பளம் பேசும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது. டெண்டருக்காக எடுக்கப்பட்டவரைக் கருவிகளின் பக்கமே விடாத அலுவலகங்களும் உண்டு. அங்கே இரண்டு வருடம் உட்கார்ந்தால் தாளுக்கும் கைக்கும் இடையே தூரம் கூடிப்போகும்.

அனுபவம் எதைத் தருகிறது என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு கமாண்டை வைத்துச் சொல்லலாம். ஒரு சுவிட்சின் டிரங்க் இணைப்பில், அதாவது பல வி-லேன்களைச் சுமக்கும் இணைப்பில், ஏற்கெனவே பத்து வி-லேன்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பதினொன்றாவதைச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சில் 'ஆட்' என்ற சின்னச் சொல்லை விட்டுவிட்டு கமாண்டைக் கொடுத்தால், பழைய பத்தும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். ஒரு தளம் முழுக்க இருட்டாகிவிடும். இது பாடத்தில் இருக்கிறது, தேர்விலும் வரலாம். ஆனால் இரவு ஒரு மணிக்கு, வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போது, அந்தச் சொல்லைச் சரிபார்த்துவிட்டு என்டரைத் தட்டும் பழக்கம் வேலையில்தான் வரும். தொலைவில் இருக்கும் ரவுட்டரில் ஒரு மாற்றம் செய்யும் முன், பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி சொல்லி வைப்பார்கள் மூத்தவர்கள். மாற்றம் தவறாகித் தொடர்பு அறுந்துவிட்டால், ரவுட்டர் தானே எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டு மாற்றத்தைச் சேமித்துக்கொள்ளலாம். இந்தத் தற்காப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் பக்கத்தில் இருப்பதே பெரிய பேறு.

பெரிய இடங்களுக்கும் இது பொருந்தும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. பராமரிப்பு வேலையின்போது, முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்க்கக் கொடுத்த ஒரு கமாண்ட் எல்லா இணைப்புகளையும் இறக்கிவிட்டது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. தரவு மையங்களோடு பேச முடியாமல் போனதும், நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்கள் 'நமக்கு உடம்பு சரியில்லை' என்று முடிவெடுத்துத் வழிகளை அறிவிக்கும் பி.ஜி.பி. முறையில் தங்கள் வழிகளை இணையத்திலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. பி.ஜி.பி., டி.என்.எஸ். இரண்டுமே அடிப்படைப் பாடங்கள். அவை சேர்ந்து இப்படி விழும் என்பதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆட்களை நேரில் அனுப்பினார்கள். கட்டடப் பாதுகாப்பைத் தாண்டிக் கருவிகளைத் தொடவே நேரம் பிடித்தது. இணைப்பு திரும்பிய பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் மின்சாரச் சுமை திடீரென ஏறி வேறு விபத்து வரும். அங்கே கைகொடுத்தது ஒத்திகை. ஒரு முழுத் தரவு மையத்தையே அணைத்துப் பார்க்கும் பயிற்சிகளை அவர்கள் முன்பே நடத்தியிருந்ததால், சுமையைப் படிப்படியாக ஏற்றத் தெரிந்திருந்தது. ஒத்திகையும் ஒருவகை அனுபவம்தான். விபத்துக்குக் காத்திருக்காமல் திட்டமிட்டுச் சம்பாதித்தது.

வருடக் கணக்கு மட்டுமே அனுபவம் ஆகிவிடாது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிஃப்டில் இயங்கும் கண்காணிப்பு மையங்களில், முதல்நிலை ஆட்களின் வேலை பல இடங்களில் இதுதான்: திரையில் சிவப்பு விளக்கு வந்தால் டிக்கெட் போடு, இணைய நிறுவனத்துக்குப் போன் செய், தீரவில்லை என்றால் இரண்டாம் நிலைக்குத் தள்ளு. நான்கு வருடம் இதையே செய்தவரின் பயோடேட்டாவில் 'நான்கு வருட அனுபவம்' என்று இருக்கும். ஆனால் எந்த டிக்கெட் எப்படித் தீர்ந்தது என்று அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூடப்பட்ட ஒவ்வொரு டிக்கெட்டையும் திறந்து மேல்நிலை ஆள் என்ன செய்தார் என்று படித்தவர் ஒரே வருடத்தில் மேலே போய்விடுகிறார். சி.சி.என்.ஏ.வுக்கு அடுத்த நிலையான சி.சி.என்.பி. தேர்வை எழுதும்போது அவருக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டிக்கெட் நினைவில் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான இடத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. அவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. தமிழகத்தின் சிற்றூர்களில் கேபிள் டி.வி. இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பலர் ஃபைபர் பிராட்பேண்டுக்கு மாறினார்கள். அவர்களிடம் வேலை பார்க்கும் பையன்கள் மின்கம்பத்தில் ஏறி, மழையில் குடை பிடித்துக்கொண்டு ஃபைபரை ஸ்பிளைஸ் செய்கிறார்கள். பவர் மீட்டரில் மைனஸ் 27க்குக் கீழே போனால் வீட்டுக் கருவி தடுமாறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. எந்தத் தெருவில் எந்த ஸ்பிளிட்டர் எப்போது நனையும் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் நகரத்து நிறுவனத்தில் விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழற்றிவிடப்படுகிறார்கள். ஐ.பி. முகவரியைக் கூறு போடுவதும் ரவுட்டிங்கும் அவர்கள் செய்யும் வேலைக்கு அடுத்த படிதான். அந்தப் பாடங்களை முறையாகப் படித்து ஒரு சி.சி.என்.ஏ. வாங்கிவிட்டால், அவர்களை நிராகரிப்பது எந்த நிறுவனத்துக்கும் கடினம். சான்றிதழ் அதிகம் தேவைப்படுவதும் அதிகம் பயன்தருவதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. டெரி ஸ்லாட்டரிக்கு நடந்ததும் அதுவே: கையில் தொழில் இருந்தது, முத்திரை பின்னால் வந்தது.

அப்படியென்றால் எந்த வேலையும் பார்க்காத கல்லூரி மாணவர் என்ன செய்வது? தேர்வுக்கு முன் அனுபவத்தைச் செயற்கையாகவாவது உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்று வழி இருக்கிறது. நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிந்துகொண்டால் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். கொஞ்சம் வலுவான கணினி இருந்தால் ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. போன்றவற்றில் ஒரு சிறிய நிறுவனத்தின் நெட்வொர்க்கையே கட்டிப் பார்க்கலாம். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐ.பி. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ஏ.பி.என்.ஐ.சி. அமைப்பு தன் அகாடமியில் பாடங்களையும் மெய்நிகர் ஆய்வுக்கூடங்களையும் இலவசமாகவே தருகிறது. கட்டுவதோடு நிறுத்தாமல், நண்பரை விட்டுக் கெடுக்கச் சொல்லிச் சரிசெய்து பார்க்க வேண்டும். 1993ன் தேர்வாளர் செய்ததை விடுதி அறையிலேயே செய்யலாம்.

இதன் பலன் நேர்முகத்தில் தெரியும். 'மூன்றாவது மாடியில் ஒருவருக்கு இணையம் வரவில்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?' என்பது பழைய கேள்வி, இன்னும் கேட்கிறார்கள். டம்ப் படித்தவர் உடனே ஓ.எஸ்.ஐ.யின் ஏழு அடுக்குகளையும் வரிசையாக ஒப்பிப்பார். லேபில் கெடுத்துச் சரிசெய்தவர் முதலில் திருப்பிக் கேட்பார்: அவருக்கு மட்டுமா, மாடி முழுக்கவா? நேற்று வந்ததா? இன்று காலை யாராவது ஏதாவது மாற்றினார்களா? ஐ.பி. முகவரி கிடைத்திருக்கிறதா, அல்லது 169.254 என்று தொடங்குகிறதா? அப்படித் தொடங்கினால் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து அவருக்கு முகவரியே வரவில்லை. இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான். முன்னவரிடமும் பின்னவரிடமும் இருப்பது ஒரே சான்றிதழ்.

தேர்வுக்கு எப்போது உட்காரலாம் என்பதற்கும் பாடத்திட்டமே ஒரு வழி காட்டுகிறது. இப்போதைய சி.சி.என்.ஏ. 200-301 தேர்வில் ஐ.பி. இணைப்புக்கு 25 விழுக்காடு, அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐ.பி. சேவைகளுக்கு 10, ஆட்டோமேஷனுக்கு 10. முதல் மூன்றையும், அதாவது பத்தில் ஆறரைப் பங்கை, புத்தகத்தைப் பார்க்காமல் லேபில் கட்டிக் கெடுத்துச் சரிசெய்ய முடிகிறது என்றால் பணம் கட்டலாம். முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

கடைசி 10 விழுக்காட்டை வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் எழுதிய தேர்வில் ஆட்டோமேஷன் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இன்று நூறு சுவிட்சுகளில் ஒரே மாற்றத்தைச் செய்யப் பைதான் நிரலோ ஆன்சிபிளோ போதும். ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த மூத்தவர்களுக்கு அது அந்நியமாகப் படுகிறது. சான்றிதழ் மூன்றாண்டுகளில் காலாவதியாவதைப் பணம் பறிக்கும் வேலை என்று பலர் திட்டுகிறார்கள். பாஸ்டன் மருத்துவமனைக்கு நேர்ந்ததைப் படித்தவர்களால் அவ்வளவு எளிதாகத் திட்ட முடியாது. புதுப்பிக்கத் தேர்வு ஒன்றே வழி என்பதும் இல்லை: சி.சி.என்.ஏ.வுக்கு 30, சி.சி.என்.பி.க்கு 80, சி.சி.ஐ.இ.க்கு 120 என்று தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்தும் புதுப்பிக்கலாம். தேதி தாண்டிவிட்டால் மட்டும் சலுகை இல்லை. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.